நாணில் 3 மில்லிமீட்டர்: அம்பின் வால் எங்கே உட்கார வேண்டும்?

புதிதாக ஒரு மரபு வில் வாங்கினால் வில் வரும், நாண் வரும், சில நேரம் நாண் ஏற்ற உதவும் கயிறும் கூடவே வரும். நாணின் எந்த இடத்தில் அம்பை மாட்டுவது என்ற அடையாளம் மட்டும் பெரும்பாலும் வராது. அதை வாங்கியவர்தான் வைத்துக்கொள்ள வேண்டும். விரல் எப்படிப் பிடிக்கிறது, அம்பு எவ்வளவு தடிமன், கை பிடியில் எப்படி அழுத்துகிறது என்பதைப் பொறுத்து அந்த இடம் மாறும். அதனால் தொழிற்சாலையில் வைத்து அனுப்ப முடியாது.

சின்ன வேலைதான், பத்து நிமிஷம், கொஞ்சம் நூல். ஆனால் இதைத் தவறாகச் செய்துவிட்டு மாதக்கணக்கில் தன் கையையும் கண்ணையும் குறை சொல்லிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. அம்பு மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே போகும். இவர் நிற்கும் விதத்தை மாற்றுவார், விரலை மாற்றுவார், புது அம்பு வாங்குவார். கோளாறு நாணில் 3 மில்லிமீட்டரில் இருக்கும். அந்த 3 மில்லிமீட்டர் ஏன் முக்கியம், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் சொற்கள்

அம்பின் வாலில் நாணைக் கவ்வுகிற பிளவுக்கு நாக் என்று பெயர் (வாயில் இருக்கும் நாக்கு இல்லை, ஆனால் கவ்வுவது ஏறக்குறைய அதே வேலைதான்). நாணில் அந்த நாக் உட்காரும் இடம் நாக்கிங் பாயின்ட். நாணின் நடுப்பகுதி தேயாமல் இருக்க நெருக்கமாக நூல் சுற்றியிருப்பார்கள், அது சர்விங். வில்லின் பிடிக்கு மேலே, அம்பு படுத்திருக்கும் திட்டு ஷெல்ஃப். பிடிக்கு மேலும் கீழும் வளைகிற இரண்டு பகுதிகளும் லிம்ப். நாண் பூட்டிய நிலையில் பிடிக்கும் நாணுக்கும் உள்ள தூரம் பிரேஸ் ஹைட்.

இங்கே நான் பேசுவது காம்பவுண்டு வில்லைப் பற்றியோ, ஒலிம்பிக்கில் பார்க்கிற, குறிபார்க்கும் கருவி மாட்டிய வில்லைப் பற்றியோ இல்லை. மரத்தாலோ, மரமும் ஃபைபர்கிளாஸும் சேர்த்தோ செய்த ரிகர்வ் அல்லது லாங்போ. அம்பு நேராக ஷெல்ஃபின் மேல் படுத்திருக்கும், நாணை விரலால் இழுப்போம். அந்த வகை.

நேர்கோணம் ஏன் போதாது?

ஷெல்ஃபில் இருந்து நாணுக்கு ஒரு கோடு போடுங்கள். அது நாணை 90 பாகையில் சந்திக்கிற இடத்தைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்வோம். அம்பை அங்கேயே மாட்டினால் நேராகப் போகும் என்று தோன்றும். எனக்கும் முதலில் படித்தபோது அதுதான் இயல்பாகப் பட்டது. எல்லா வழிகாட்டிகளும் பூஜ்யத்துக்குச் சற்று மேலே வை என்கின்றன. ஏன்?

காரணம் எளிமையானது. வில்லின் நடுப்புள்ளி ஒன்றுதான். ஆனால் அந்த இடத்துக்குப் போட்டி போடுபவர்கள் இரண்டு பேர்: கையும் அம்பும். இரண்டும் ஒரே இடத்தில் இருக்க முடியாது. கை கீழே, அம்பு அதற்கு மேலே. அதாவது வில்லைத் தள்ளும் புள்ளியும் அம்பு கடக்கும் புள்ளியும் வேறு வேறு. இழுக்கும் பக்கத்திலும் இதே கதைதான். ஒரு விரல் அம்புக்கு மேலே, இரண்டு விரல் கீழே வைத்து இழுப்பவருக்கு, மூன்று விரல்களின் மொத்த அழுத்தமும் அம்புக்குக் கொஞ்சம் கீழே விழுகிறது. மூன்று விரலையும் அம்புக்குக் கீழேயே வைத்து இழுப்பவருக்கு இன்னும் கீழே.

ஆக, மேலிருந்து கீழாகப் பார்த்தால் வில் சமச்சீராக வேலை செய்வதில்லை. வில் செய்பவர்கள் இதை ஓரளவு ஈடுகட்ட மேல் லிம்பையும் கீழ் லிம்பையும் ஒரே விறைப்பில் செய்வதில்லை. கீழ் லிம்ப் பெரும்பாலும் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். இதற்கு டில்லர் என்று பெயர். அப்படிச் செய்தாலும் நாணை விட்ட பிறகு நாக் போகும் பாதை அளவுகோல் வைத்துப் போட்ட கோடு போல இருக்கும் என்று சொல்ல முடியாது.

இப்போது பூஜ்யத்தில் மாட்டிய அம்பை நினைத்துப் பாருங்கள். அதன் அடிப்பக்கம் முழுக்க ஷெல்ஃபை ஒட்டியே இருக்கு. வால் பாதையில் இம்மியளவு கீழே இறங்கினாலும் அம்புத்தண்டு ஷெல்ஃபில் அழுந்தும். ஷெல்ஃப் நகராது, அதனால் அம்பு எகிறும். கூடவே இறகும் இருக்கு. தண்டுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் இறகு ஷெல்ஃபைத் தாண்டியாக வேண்டும். இயற்கை இறகு படிந்துகொடுத்துப் போய்விடும், பிளாஸ்டிக் இறகு உதைக்கும். அதனால்தான் ஷெல்ஃபில் வைத்து எய்பவர்கள் இயற்கை இறகையே விரும்புகிறார்கள். ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டு.

வாலைச் சில மில்லிமீட்டர் தூக்கி வைத்தால் அம்பு முன்னால் ஓர் இடத்தில் மட்டும் ஷெல்ஃபைத் தொட்டபடி கிளம்பும், பின்பகுதி தொடாமல் கடந்துவிடும். ரொம்பத் தூக்கினால் வால் மேலேயும் முனை கீழேயுமாகப் பறக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு குறுகிய இடம் இருக்கு. நாம் தேடுவது அதைத்தான்.

பக்கவாட்டில் நடப்பது வேறு விஷயம். அம்பு வில்லைச் சுற்றி வளைந்து போவதை ஆர்ச்சர்ஸ் பாரடாக்ஸ் என்பார்கள். கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1930-களில் அதிவேகப் படங்கள் எடுத்து அந்த வளைவைக் கண்ணுக்குத் தெரிய வைத்தார். அது அம்பின் விறைப்பைப் பொறுத்தது. மேல்-கீழ் ஆட்டத்துக்கு நாக்கிங் பாயின்ட், இடம்-வலம் ஆட்டத்துக்கு அம்பின் விறைப்பு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல், முதலில் மேல்-கீழைச் சரிசெய்துவிட்டு அப்புறம் இடம்-வலத்துக்குப் போவது நல்லது.

அரை அங்குலம் என்றால், எங்கிருந்து?

யாரிடம் கேட்டாலும் ஒரு எண் சொல்வார்கள். ஒரு விரல் மேலே வைத்து இழுப்பவர்கள் 1/2 அங்குலத்தில் ஆரம்பிக்கலாம், மூன்றும் கீழே வைப்பவர்கள் 5/8 அங்குலத்தில். நல்ல தொடக்கம்தான். ஆனால் எதிலிருந்து எதுவரை என்று கேட்காமல் அந்த எண்ணை எடுத்துக்கொண்டால் வம்பு. கணினிக்காரர்களுக்கு இது பழகிய தொல்லை. ஒருவர் பூஜ்யத்திலிருந்து எண்ணுவார், இன்னொருவர் ஒன்றிலிருந்து எண்ணுவார்.

அளப்பதற்கு போ ஸ்கொயர் என்று ஒரு கருவி உண்டு. ஆங்கில 'டி' எழுத்து வடிவம். அதை நாணில் கவ்வவிட்டு, நீளக் காலை ஷெல்ஃபில் படுக்க வைத்தால் காலின் அடிவிளிம்பு பூஜ்யம். அங்கிருந்து மேலே, அம்பு நாக்கின் தலையை முட்டித் தடுக்கிற முடிச்சின் அடிப்பக்கம் வரை அளப்பதுதான் பொதுவான வழக்கம்.

இதில் அம்பின் தடிமனும் சேர்ந்துவிடுகிறது. 11/32 அங்குல மர அம்பு என்றால் தடிமன் ஏறக்குறைய 8.7 மி.மீ. நாக்கும் அதே உயரம் என்று வைத்தால், 1/2 அங்குலம், அதாவது 12.7 மி.மீ. உயரத்தில் முடிச்சு இருக்கும்போது அம்பின் அடி பூஜ்யத்துக்கு 4 மி.மீ. மேலே இருக்கிறது. அதே முடிச்சில் 5/16 அங்குல அம்பை, அதாவது 7.9 மி.மீ. அம்பை மாட்டினால் அடி 4.8 மி.மீ. மேலே போகும். முடிச்சு அதே இடத்தில்தான் இருக்கு, வில்லும் அதேதான், ஆனால் அம்பின் நிலை மாறிவிட்டது. இதே கணக்கில் இன்னொருவர் "3/8 அங்குலம்" என்று சொன்னால் மர அம்பின் அடி பூஜ்யத்துக்கு 1 மி.மீ. கூட மேலே இருக்காது. ஆகவே இன்னொருவர் எண்ணைக் கடன் வாங்கும்போது அவர் அம்பின் தடிமனையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அளப்பதற்கு முன்பு பிரேஸ் ஹைட்டை முடிவு செய்துவிட வேண்டும். நாணை முறுக்கினால் அது குறுகும், பிரேஸ் ஹைட் கூடும், முடிச்சின் இடமும் கொஞ்சம் நகரும். புது நாண், அதுவும் டாக்ரான் நாண், முதலில் கொஞ்சம் நீளும். சில டஜன் அம்புகள் எய்து நாண் அடங்கிய பிறகு முடிச்சு போடுவது புத்திசாலித்தனம்.

மொட்டை அம்பு பரிசோதனை

அளவுகோல் தொடங்கும் இடத்தைத்தான் சொல்லும். முடியும் இடத்தை அம்புதான் சொல்ல வேண்டும். இறகு உள்ள அம்பு உண்மையைச் சொல்லாது, ஏன்னா இறகின் வேலையே தப்பை மறைப்பதுதான். வால் எகிறினாலும் சில மீட்டரில் இறகு அதை இழுத்து நேராக்கிவிடும். ஆகவே இறகு இல்லாத அம்பு வேண்டும். ஆங்கிலத்தில் பேர் ஷாஃப்ட் என்கிறார்கள். நான் மொட்டை அம்பு என்றே சொல்கிறேன்.

இறகுள்ள அம்பு மூன்று, அதே வகையில் மொட்டை அம்பு இரண்டு. மொட்டை அம்பின் வாலில் இறகின் எடைக்குச் சமமாகக் கொஞ்சம் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். 9 மீட்டர் தூரத்தில் ஆரம்பியுங்கள். ஐந்தையும் ஒரே இடத்தைக் குறிவைத்து எய்யுங்கள்.

மொட்டை அம்புகள் இறகுள்ளவற்றுக்குக் கீழே குத்தினால் நாக்கிங் பாயின்ட் உயரமாக இருக்கிறது, இறக்குங்கள். மேலே குத்தினால் தாழ்வாக இருக்கிறது, ஏற்றுங்கள். முதலில் குழப்பும், ஆனால் யோசித்தால் புரியும். வால் மேலே இருந்தால் முனை கீழே பார்க்கிறது. திருத்த இறகு இல்லாததால் அம்பு அந்தத் திசையிலேயே சறுக்கிக் கீழே போய்ச் சேருகிறது.

குத்திய அம்பு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்றும் பார்க்கலாம். ஆனால் இலக்கின் பஞ்சு, வைக்கோல், பழைய ஓட்டை எல்லாம் அம்பைத் திருப்பிவிடும். கோணத்தைவிடக் குத்திய இடம் நம்பகமானது. ஓர் அம்பை வைத்து முடிவு செய்ய வேண்டாம். மொட்டை அம்பு எதிர்பாராத பக்கம் போகும், அதனால் இலக்குக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் அம்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எய்யுங்கள்.

பொய் சொல்லும் அறிகுறி

இந்தக் குறிப்பை எழுதத் தூண்டியதே இந்தப் பகுதிதான்.

என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் ரிகர்வ் வில் பழகுகிறார். அம்பு வால் தூக்கியபடி போகிறது. வால் மேலே என்றால் பாயின்ட் உயரம் என்று அவர் படித்திருந்தார், இறக்கினார். இன்னும் மோசமானது. மறுபடி இறக்கினார். பிறகு விறைப்பான அம்புகள் புதிதாக வாங்கினார். "என் ரிலீஸ்தான் சரியில்ல பாஸ்" என்று என்னிடம் சொன்னார். சாஃப்ட்வேர் ரிலீஸ் இல்லை, விரலை விடும் ரிலீஸ். வில்லையே விற்றுவிடலாமா என்கிற அளவுக்குப் போய்விட்டார்.

அவருடைய அம்பைக் கையில் வாங்கிப் பார்த்தால், கீழ்ப்பக்கம் வரும் இறகின் முன்விளிம்பு மட்டும் தேய்ந்து பிய்ந்திருந்தது. மற்ற இரண்டு இறகும் புதுசு மாதிரி. அதாவது அம்பு ஷெல்ஃபில் இடிக்கிறது. பாயின்ட் உயரமாக இருந்தால் அப்படி இடிக்க வேண்டியதில்லை.

நடப்பது இதுதான். பாயின்ட் ரொம்பத் தாழ்வாக இருந்தால் அம்பின் பின்பகுதி ஷெல்ஃபில் மோதி மேலே எகிறுகிறது. எகிறிய வால் மேலே போகிறது. இலக்கில் பார்ப்பவருக்கு வால் மேலே என்றுதான் தெரியும். மிக உயரத்துக்கும் மிகத் தாழ்வுக்கும் ஒரே அறிகுறி. அறிகுறியை மட்டும் பார்த்து மருந்து கொடுத்தால், தாழ்வாக இருப்பதை இன்னும் தாழ்த்துவோம், மோதல் இன்னும் கூடும்.

இதிலிருந்து தப்பிக்க ஒரு வழி உண்டு: எப்போதும் உயரத்திலிருந்து தொடங்கி இறங்கி வர வேண்டும். சந்தேகத்துக்கு இடமில்லாமல் உயரம் என்று சொல்லக்கூடிய இடத்தில், 5/8 அல்லது 3/4 அங்குலத்தில் முடிச்சை வையுங்கள். மொட்டை அம்பு கீழே குத்தும், அது எதிர்பார்த்ததுதான். அங்கிருந்து ஒவ்வொரு முறையும் 1/16 அங்குலம், அதாவது ஒன்றரை மி.மீ. இறக்குங்கள். மொட்டை அம்பு மெல்ல மெல்ல இறகுள்ள அம்புகளை நெருங்கி வரும். சேர்ந்த இடத்தில் நிறுத்துங்கள். இறங்கிக்கொண்டே வரும்போது திடீரென்று வால் மறுபடி தூக்க ஆரம்பித்தால் மோதும் எல்லைக்குள் நுழைந்துவிட்டீர்கள் என்று அர்த்தம், ஒரு படி மேலே ஏறுங்கள்.

நடுவிலிருந்து தொடங்கினால் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்றே தெரியாது. மேலிருந்து வந்தால் தெரியும். சந்தேகம் இருந்தால் ஷெல்ஃபில் முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தூவி ஓர் அம்பு எய்யுங்கள். எங்கே துடைத்துக்கொண்டு போயிருக்கிறது என்று பார்த்தாலே மோதல் இருக்கா இல்லையா என்று தெரிந்துவிடும்.

நண்பரின் முடிச்சை 5 மி.மீ. ஏற்றினோம். அன்றைக்கே எல்லா அம்பும் நடுவில் குத்தியது என்று சொல்ல மாட்டேன். ஆட்டம் நின்றது. அதற்குப் பிறகு அவர் திருத்தியது உண்மையிலேயே அவருடைய தவறுகளை. முன்பு அவர் திருத்திக்கொண்டிருந்தது வில்லின் தவறை, தன் உடம்பில்.

ஒரே ஒரு எச்சரிக்கை. சேர்ந்த இடம் கிடைத்த பிறகு மொட்டை அம்பு இம்மியளவு கீழே குத்துகிற நிலையிலேயே பலர் நிறுத்திவிடுவார்கள். கொஞ்சம் உயரமாக இருப்பதை இறகு எளிதில் திருத்திவிடும். கொஞ்சம் தாழ்வாக இருந்து ஷெல்ஃபில் மோதினால் அந்த மோதல் ஒவ்வொரு அம்புக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும்.

பித்தளையா, நூலா?

கடையில் பித்தளை வளையம் கிடைக்கும், இடுக்கியால் நசுக்கிப் பொருத்துவது. சுலபம். ஆனால் கனம். அந்த இடம் அம்போடு கிட்டத்தட்ட அதே வேகத்தில் ஓடுகிற இடம், அங்கே ஏற்றும் ஒவ்வொரு துளி எடையும் அம்பின் வேகத்தில் கழியும். கையுறையையும் கிழிக்கும்.

நூல் முடிச்சு எனக்குப் பிடிக்கும். சர்விங் நூலோ, பல் இடுக்கில் போடுகிற ஃப்ளாஸோ போதும். முன்பக்கம் ஒரு முடிச்சு, பின்பக்கம் ஒரு முடிச்சு என்று மாற்றி மாற்றி ஏழெட்டு முறை போட்டால் சின்ன வளையம் போல உருவாகும். இதில் ஒரு அழகான விஷயம் இருக்கு. சர்விங் நூல் நாணைச் சுற்றித் திருகு போல ஓடுகிறது இல்லையா? இறுக்கமான முடிச்சை விரலால் திருகினால் போல்ட்டில் நட்டு ஏறி இறங்குவது மாதிரி மேலும் கீழும் நகரும். ஒன்றரை மி.மீ. படிகளுக்கு இதைவிட நல்ல கருவி வேண்டாம். முடிவான பிறகு ஒரு துளி பசை.

மேலே ஒரு முடிச்சு மட்டும் போதாது, அம்பு நாக்குக்குக் கீழேயும் ஒன்று வேண்டும். குறிப்பாக மூன்று விரலும் கீழே வைப்பவர்களுக்கு. விரலை விடும் நொடியில் நாக் நாணில் கீழே நழுவலாம். வெறும் வடிவியலை மட்டும் பார்த்தால், 28 அங்குல அம்பின் வால் 3 மி.மீ. நழுவினால் அம்பின் கோணம் 0.24 பாகை மாறுகிறது. 18 மீட்டரில் அது ஏழரை சென்டிமீட்டர். 18 மீட்டர் உள்ளரங்குப் போட்டியின் 40 செ.மீ. இலக்கில் ஒரு வளையத்தின் அகலம் 2 செ.மீ.தான். ஷெல்ஃபில் மோதும் கதை இதில் சேரவில்லை.

இரண்டு முடிச்சுக்கும் நடுவே நாக்கை இறுக்கிப் பூட்டிவிடக் கூடாது. முழுக்க இழுக்கும்போது நாண் கூர்மையாக மடங்கும், முடிச்சுகள் நெருங்கும், நாக்கைக் கிள்ளும். ஒரு மி.மீ. இடைவெளி விடுங்கள். நாக் நாணைக் கவ்வும் இறுக்கத்துக்கும் ஒரு சோதனை உண்டு: அம்பை நாணில் தொங்கவிட்டு நாணை விரலால் லேசாகத் தட்டினால் அம்பு கழன்று விழ வேண்டும். தானாக விழுந்தால் தளர்வு, தட்டியும் விழாவிட்டால் இறுக்கம்.

பழையவர்கள் என்ன செய்தார்கள்?

முதல் எலிசபெத்துக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ரோஜர் ஆஸ்கம் 1545-ல் டாக்ஸோஃபிலஸ் என்று வில்வித்தை பற்றி ஒரு நூல் எழுதினார். எய்வதை நிற்றல், நாண் சேர்த்தல், இழுத்தல், நிறுத்திப் பிடித்தல், விடுதல் என்று ஐந்தாகப் பிரிக்கிறார். நாண் சேர்த்தல் இரண்டாவது. ஐந்தில் அதுதான் எளிது என்கிறார், கவனம் மட்டும் வேண்டுமாம். உயரமாகவும் வைக்காதே, தாழ்வாகவும் வைக்காதே, வில்லுக்குக் குறுக்கே நேராக வை என்பது அவர் அறிவுரை. நாண் சேர்ப்பதில் நிலையில்லாதவன் தூரத்தை இழப்பான் என்றும் எச்சரிக்கிறார். நேர் என்பதைவிட அந்த நிலையில்லாமையைப் பற்றிய எச்சரிக்கைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முடிச்சு செய்யும் முதல் வேலையே அம்பு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் உட்காரச் செய்வதுதான்.

ஜப்பானியர்கள் வேறு வழியில் வந்தார்கள். அவர்களின் யுமி வில் பொதுவாக 221 செ.மீ. நீளம், மனித உயரத்தைத் தாண்டும். பிடி நடுவில் இல்லை, கீழிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் இருக்கிறது. நாணை இழுப்பது கட்டைவிரல், அம்பு படுப்பது வில்லின் வலப்பக்கம். இவ்வளவு மாறியும், அம்பை மாட்டும் இடத்தில் சணல் நார் சுற்றித் தடிப்பாக்கி, நேர்கோணக் கோட்டைவிட ஏறக்குறைய ஓர் அம்புத் தடிமன் அளவு மேலேதான் மாட்டுகிறார்கள். கைக்கு மேலே அம்பு போகும்வரை, வாலைச் சற்றுத் தூக்கித்தான் ஆக வேண்டும் போலிருக்கிறது.

கடைசியாக

இடம் கிடைத்தவுடன் ஒரு தாளில் எழுதி வையுங்கள்: நாண் எது, பிரேஸ் ஹைட் எவ்வளவு, முடிச்சின் உயரம் எவ்வளவு, அம்பின் தடிமன் எவ்வளவு, விரல் எப்படி. நாண் என்றைக்காவது அறும். அன்றைக்கு இந்த ஐந்து வரி இருந்தால் பத்து நிமிஷ வேலை, இல்லாவிட்டால் முதலிலிருந்து. இதில் ஏதாவது ஒன்று மாறினாலும் மொட்டை அம்பை மறுபடி எடுங்கள்.

அம்பு ஆடிக்கொண்டே போகும்போது உங்கள் கையைத் திட்டுவதற்கு முன்னால் கீழ்ப்பக்க இறகைத் திருப்பிப் பாருங்கள். அது தேய்ந்திருந்தால் முடிச்சை ஏற்றுங்கள், பிறகு மேலிருந்து இறங்கி வாருங்கள். அதற்கு அப்புறமும் ஆடினால் அம்பின் விறைப்பையும் ரிலீஸையும் பார்ப்போம்.